வீட்டை நனைக்கும் பூனை

விருந்தினர் ஒருவர் வந்திருக்கின்றார். விறாந்தையிற் கதிரை போட்டு அமரச் செய்து, தேநீர்க் கோப்பையையும் கையிற் கொடுத்தாயிற்று. வந்தவர் மெல்ல மூக்கைச் சுருக்குகின்றார். பின்னர் மரியாதை கருதி முகத்தை முற்றத்துப் பக்கம் திருப்பிக்கொள்கின்றார். இல்லத்தரசியின் முகம் வாடிவிடுகின்றது. வீடு முழுவதையும் அன்று காலையிலேதான் அவர் கழுவித் துடைத்திருந்தார். ஆயினும் அந்த நெடி மட்டும் போகவில்லை. அதற்குக் காரணமான பூனையோ, தனக்கு ஒன்றும் தெரியாதது போல, கதிரையின் கீழே கண்ணை மூடிப் படுத்திருக்கின்றது. பூனை கண்ணை மூடினாற் பூலோகம் இருண்டுவிடுமா என்பார்கள். பூலோகம் இருளவும் இல்லை. நெடி மறையவும் இல்லை!

இந்த அநுபவம் ஓரிரு வீடுகளுக்கு மட்டும் உரியதன்று. எலித் தொல்லைக்காகப் பூனை வளர்ப்போரும், பிள்ளைகளின் ஆசைக்காகப் பூனை வளர்ப்போரும் என்றோ ஒரு நாள் இதனைக் காணவே செய்கின்றனர். பூனைகள் வளர்ந்த வீட்டை இழந்து தெருவுக்கு வருவதற்கும் இஃது ஒரு காரணமாகின்றது. ஆதலால் இவ்வாரம் இந்தச் சிறிய விடயத்தைச் சற்று விரிவாக நோக்குவோம். சிறிய விடயந்தான், ஆனால் ஓர் உயிரின் வாழ்வும் சாவும் சிலவேளை இதிலே தங்கியிருக்கின்றன என்பதை நாம் சொந்த அநுபவத்திலே கண்டோம்.

சாக்கு எடுத்த கதை

சில ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டில் நிகழ்ந்தது இது. மாரி மழை கொட்டிய ஓர் இரவில், குசினிக் கதவடியில் நனைந்து நடுங்கி நின்ற குட்டியொன்றை எடுத்து வளர்த்தோம். சாம்பல் நிறமாதலாற் பிள்ளைகள் அதற்குச் சாம்பலன் என்று பெயரிட்டனர். வளர்ந்து நல்ல கடுவனாயிற்று. ஐந்து ஆண்டுகள் அதனைப் பற்றி ஒரு முறைப்பாடும் இல்லை. வேலியோர மணலைப் பறித்துத் தன் காரியத்தை முடித்து, மூடிவிட்டு வருவது அதன் வழக்கம்.

திடீரென ஒரு வாரம் எல்லாம் தலைகீழாயிற்று. மடித்து வைத்த வேட்டியின்மேல் முதல்நாள் ஈரம். மறுநாட் பிள்ளையின் புத்தகப் பை. மூன்றாம் நாள் சுவாமி அறை வாசலிலே விரித்த பாய். வீட்டில் அனைவரும் கொதித்தெழுந்தனர். "சாக்கிற் கட்டிச் சந்தையடியிற் கொண்டுபோய் விட்டுவிடுவோம்" என்று நாமே தீர்ப்பு வழங்கினோம். சாக்கையும் எடுத்துவந்து உதறினோம்.

அப்பொழுது திண்ணையில் இருந்த ஆச்சி, பாக்கு வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அஞ்சு வருஷமாச் செய்யாததை இப்ப செய்யுதெண்டால் அதுக்கு ஏதோ வருத்தம் இருக்குத் தம்பி. வாயில்லாச் சீவன் வேறை என்னெண்டு சொல்லும்? முதல் வைத்தியரட்டைக் காட்டிப்போட்டு, பிறகு சாக்கைப் பார்" என்றார்.

அந்தச் சொல் மனத்தைத் தைத்தது. அன்று சாயங்காலம் சாம்பலனைக் கூர்ந்து பார்த்தோம். அது மூலைக்கு மூலை சென்று குந்தியது, முக்கியது, ஈனக் குரலில் அழுதது. ஒவ்வொரு தடவையும் சொட்டுச் சொட்டாக விழுந்தது சிறிதளவே. அதிலும் இரத்தச் சாயல் இருந்தது. உடனே கூடையில் வைத்து மிருக வைத்தியரிடம் கொண்டு சென்றோம். அவர் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "சிறுநீர்ப்பை கல்லுப்போல இறுகிக் கிடக்கின்றது. வழி அடைபட்டுவிட்டது. நாளைக்குக் கொண்டுவந்திருந்தால் நாம் செய்வதற்கு அதிகம் இருந்திராது" என்றார். மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாய் செலுத்தி அடைப்பை நீக்கினார். சாம்பலன் பிழைத்தது. சாக்கிற் கட்டிச் சந்தையில் விட்டிருந்தால், எங்கோ ஒரு கடையின் பின்புறத்தில் அது துடித்துச் செத்திருக்கும். நாமோ பீடை ஒழிந்தது என்று நிம்மதியாக இருந்திருப்போம்.

இரண்டு வகை

பூனை வீட்டை நனைப்பதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் வேறுபடுத்தி அறிந்தாற் பாதி வேலை முடிந்ததாகும்.

முதலாவது, எல்லை குறித்தல். பூனை நின்றபடியே, வாலை நேரே உயர்த்தி, வால் நுனி நடுங்க, சுவரிலோ திரைச்சீலையிலோ கதிரைக் காலிலோ சிறிதளவைப் பின்புறமாகப் பீச்சும். "இஃது என் இடம்" என்று மற்றப் பூனைகளுக்கு அறிவிக்கும் முறை இது. பெரும்பாலும் கடுவன்களின் வழக்கம். வேட்கைக் காலத்திற் பெட்டைகளும் செய்வதுண்டு. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கோயில்களிலே தெய்வத் திருமேனிக்குச் சாத்தும் புனுகும் புனுகுப் பூனை தன் எல்லையை அறிவிப்பதற்குப் பயன்படுத்தும் சுரப்பியிலிருந்து வருவதே. அதனைப் பொன் கொடுத்து வாங்குகின்றோம்; இதற்குத் தும்புத்தடியை எடுக்கின்றோம்!

இரண்டாவது, சாதாரணமாகக் கழித்தல். பூனை குந்தியிருந்து, தரையிலோ பாயிலோ மெத்தையிலோ கூடுதலான அளவை விடும். இஃது எல்லைச் சண்டையன்று. நோய், அச்சம், இடம் பிடிக்காமை ஆகிய மூன்றில் ஒன்றே காரணமாயிருக்கும்.

முதல் வகைக்குச் சிறந்த பரிகாரம் கருத்தடைச் சத்திரசிகிச்சை. இதனைச் செய்த கடுவன்களிற் பத்துக்கு ஏறத்தாழ 9 இந்தப் பழக்கத்தை விட்டுவிடுகின்றன அல்லது வெகுவாகக் குறைத்துக்கொள்கின்றன. பழக்கம் வேரூன்றுமுன், ஐந்தாறு மாத வயதளவிற் செய்வித்தல் நன்று. பெட்டைக்கும் இது பொருந்தும். ஏறத்தாழ 9 வாரத்திற் குட்டி ஈனும் பிராணி அது. வருடந்தோறும் குட்டிகளைச் சந்தையடியில் விடும் பாவமும் இதனால் நீங்கும்.

அந்த நெடி எங்கிருந்து வருகின்றது?

வீட்டுப் பூனையின் மூதாதை, ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் ஒருவகைக் காட்டுப்பூனை. 2007ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி இதனை உறுதிப்படுத்தியது. வறண்ட நிலத்திற் பிறந்த இனமாதலால், நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தி, சிறுநீரை மிகச் செறிவாக்கி வெளியிடுவது அதன் உடலமைப்பு. இத்துடன் பெலினீன் என்னும் கந்தகம் கலந்த அமினோ அமிலமும் அதில் உண்டு. இது 1953ஆம் ஆண்டிற் பூனையின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. கருத்தடை செய்யாத கடுவனிடம் இது மிகுதியாகக் காணப்படும். சிறுநீர் வெளிவந்த பின்னர் இந்தப் பொருள் மெல்ல மெல்லச் சிதைந்து, மூக்கைத் துளைக்கும் கந்தக வாசனையைத் தருகின்றது. காலையில் தெரியாத நெடி மாலையில் விருந்தினர் வரும்போது வீசுவதன் இரகசியம் இதுவே.

நோயைக் கவனியுங்கள்

நல்ல பழக்கமுள்ள பூனை திடீரெனப் பழக்கம் மாறினால், முதலில் நோயையே ஐயுற வேண்டும். சிறுநீர்ப்பை அழற்சி, சிறுநீர்க் கல் ஆகியன இளம் பூனைகளுக்கும் நடுவயதுப் பூனைகளுக்கும் வருகின்றன. கழிக்கும்போது வலி ஏற்படுவதால், வழக்கமான இடமே வலியைத் தருகின்றது என்று எண்ணிப் பூனை வேறு இடம் தேடுகின்றது. குளிர்ச்சியான தரையையும் மெத்தென்ற துணியையும் அது நாடுவது இதனாலேயே. பத்து வயதைத் தாண்டிய பூனையாயின் சிறுநீரக நோய், நீரிழிவு ஆகியவற்றையும் நினைக்க வேண்டும். அவை நிறைய நீர் குடித்து நிறையக் கழிக்கும். மூட்டு வலியுள்ள கிழப் பூனை படியிறங்க இயலாமல் அருகிலேயே கழித்துவிடுவதும் உண்டு.

எல்லாவற்றிலும் கொடியது கடுவனுக்கு வரும் அடைப்பு. பெட்டைக்குச் சிறுநீர்க் குழாய் குறுகிய நீளமும் அகலமும் உடையது. கடுவனுக்கோ நீண்டு ஒடுங்கியது. சிறு பளிங்குத் துகள்களும் சளிபோன்ற பொருளும் சேர்ந்து அதனை அடைத்துவிடும். அடைத்தபின் உடலின் நஞ்சு இரத்தத்திலேயே தேங்க, ஓரிரு நாள்களுள் உயிர் போய்விடக்கூடும். அடிக்கடி குந்துதல், முக்கியும் ஒன்றும் வராமை, அழுதல், பின்புறத்தை ஓயாமல் நக்குதல், உணவை மறுத்தல், வாந்தி ஆகிய குறிகளைக் கண்டால் விடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது. மலச்சிக்கல் என்று எண்ணி எண்ணெய் பருக்குவோரும் உளர். அதனாற் பொன்னான நேரம் வீணாகின்றது.

இன்னொன்றையும் இங்கே வற்புறுத்த வேண்டும். வலி என்று கருதிப் பனடோல் என வழங்கும் பரசிற்றமோல் குளிசையைப் பூனைக்கு ஒருபோதும் கொடாதீர்கள். அம்மருந்தை நஞ்சகற்றி வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதியதாக இல்லை. ஒரு குளிசையே அதன் உயிரைப் போக்க வல்லது.

மனக்கலக்கமும் ஒரு காரணம்

வைத்தியர் சோதித்து நோயில்லை என்று கூறின், வீட்டைச் சுற்றிப் பாருங்கள். புதிய குழந்தை வந்ததா? வீடு மாறினீர்களா? புதிய பூனை ஒன்று சேர்ந்ததா? அயல் வீட்டுக் கடுவன் யன்னலடியில் வந்து உறுமுகின்றதா? பூனை பழக்கத்தின் அடிமை. அலுமாரியை ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நகர்த்தினாலே சில பூனைகள் கலங்கிப்போகும். இந்தக் கலக்கம் சிறுநீர்ப்பையிலே உண்மையான அழற்சியையும் உண்டாக்கும் என்பதை இன்றைய மருத்துவம் ஏற்றுக்கொள்கின்றது.

ஆகவே அதற்கு ஒதுங்கியிருக்க ஓர் அமைதியான மூலையும், ஏறியிருக்க ஓர் உயரமான இடமும் வேண்டும். உணவு நேரம் ஒழுங்காக இருத்தல் நலம். பல பூனைகள் இருப்பின், உணவுக் கிண்ணமும் நீர்க் கிண்ணமும் தனித்தனியே, எட்ட எட்ட வைக்கப்பட வேண்டும். அயற் பூனை தெரியும் யன்னலின் கீழ்ப் பகுதியைத் திரையிட்டு மறைத்தலும் உதவும்.

மணற்தட்டு

முற்றமும் வேலியோர மணலும் உள்ள ஊர் வீடுகளில் இத்தொல்லை குறைவு. கொழும்பில் மாடி வீடுகளில் வாழ்வோருக்கு மணற்தட்டே கதி. ஒரு காலத்தில் மணலும் சாம்பலும் மரத்தூளுமே எங்கும் பயன்பட்டன. 1947ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த எட்வேட் லோ என்பவர் ஈரத்தை உறிஞ்சும் ஒருவகைக் களிமண்ணைப் பூனைகளுக்கெனப் பைகளில் இட்டு விற்கத் தொடங்கினார். இன்று நம் நகரக் கடைகளிலும் அவ்வகைக் களிமண் கிடைக்கின்றது. கிடையாவிடிற் சலித்த மணலே போதும்.

தட்டைப் பற்றிப் பூனைக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. தட்டின் நீளம் பூனையின் உடலைப் போல் ஒன்றரை மடங்காயினும் இருத்தல் வேண்டும். தட்டுகளின் எண்ணிக்கை, பூனைகளின் எண்ணிக்கையிலும் ஒன்று கூட இருத்தல் நலம். இரண்டு பூனைகளாயின் 3 தட்டுகள். அவற்றை ஒரே இடத்தில் அடுக்கிவைத்தலாற் பயனில்லை. உணவு வைக்கும் இடத்திற்கும் சலவை இயந்திரம் இரையும் இடத்திற்கும் தூரமாக வைக்க வேண்டும். வாசனை கலந்த மண் நமக்கு இனிமை, பூனைக்கோ வெறுப்பு. நாள்தோறும் அழுக்கை அள்ளி, வாரத்துக்கு ஒரு தடவையேனும் தட்டைச் சவர்க்கார நீராற் கழுவிக் காயவைத்துப் புதிய மணல் இடுங்கள். அழுக்கடைந்த கழிப்பறைக்குள் நாம் புகுவோமா? நம்மினும் பன்மடங்கு கூரிய மூக்குடைய பூனை மட்டும் ஏன் புக வேண்டும்?

கர்ப்பிணிப் பெண்கள் இவ்வேலையைப் பிறரிடம் விடுதல் வேண்டும். பூனையின் மலத்தால் ஒருவகைக் கிருமி பரவிக் கருவிலுள்ள சிசுவைத் தாக்கக்கூடும். வேறு ஆள் இல்லையெனிற் கையுறை அணிந்து, நாள்தோறும் தவறாமல் அள்ளிவிடுங்கள். மலம் வெளிவந்து ஒரு நாளேனும் சென்ற பின்னரே அக்கிருமி தொற்றும் நிலையை அடைகின்றது.

கழுவும் முறை

காரணத்தை நீக்கினாலும் பழைய நெடி இருக்கும்வரை பூனை அதே இடத்துக்கே திரும்பும். நம் மூக்குக்கு எட்டாதது அதன் மூக்குக்கு எட்டும். ஈரமாயிருக்கும்போதே பழந்துணியால் ஒற்றி எடுங்கள். உரஞ்சினால் உள்ளே ஊறும். பின்னர்க் குளிர்ந்த நீராற் கழுவி, வினாகிரி ஒரு பங்கும் நீர் ஒரு பங்குமாகக் கலந்து துடைக்கலாம். மெத்தை, கம்பளம் ஆகியவற்றில் அப்பச்சோடாத் தூவி, காய்ந்தபின் தட்டிவிடலாம். யாவற்றிலும் பயன் தருவது நொதியம் கலந்த சலவைத்தூட் கரைசல். நெடிக்குக் காரணமான பொருள்களை அது சிதைக்கின்றது. நிறம் மங்கும் துணியாயின் ஓரத்திற் சோதித்துப் பாருங்கள்.

செய்யத்தகாதவை மூன்று. அமோனியா கலந்த திரவத்தாற் கழுவாதீர்கள். அதன் வாடை சிறுநீரின் வாடையை ஒத்திருப்பதாற் பூனையை மீண்டும் அழைக்கும். குளோரின் வெளிற்றியைச் சிறுநீரின்மேல் ஊற்றாதீர்கள். நச்சு வாயு எழும்பும். பினைலும், நீரில் ஊற்றியவுடன் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினிகளும் பூனை நடக்கும் தரைக்கு வேண்டாம். அவை பாதத்தில் ஒட்டி, நக்கும்போது உடலிற் புகுந்து நோய் செய்யும். வீட்டைச் சுத்தமாக்குகின்றோம் என்று எண்ணி நாம் செய்யும் காரியமே பூனைக்கு நஞ்சாகின்றது.

அடி உதவாது

"அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவார்" என்பது பூனையிடம் பலிக்காது. மூக்கை ஈரத்தில் தேய்த்தலும், தும்புத்தடியால் அடித்தலும் பழைய வழக்கங்கள். முன்னர்ச் செய்த காரியத்தையும் இப்போது கிடைக்கும் அடியையும் இணைத்துப் பார்க்கப் பூனை அறியாது. அடிப்பவரைக் கண்டு அஞ்சும், அச்சத்தாற் கலங்கும், கலக்கத்தால் மேலும் நனைக்கும். நனைத்த இடத்தை நன்கு கழுவி, அங்கேயே அதன் உணவுக் கிண்ணத்தை வைத்துப் பாருங்கள். உண்ணும் இடத்தைப் பூனை அசுத்தப்படுத்துவது அரிது.

சாம்பலனுக்கு அடைப்பு நீங்கிய பின்னர் வைத்தியர் ஈரப்பசையுள்ள உணவு கொடுக்கும்படி பணித்தார். மீன் அவித்த நீரை உப்பின்றிச் சோற்றிற் பிசைந்து கொடுத்தோம். விறாந்தையிலும் குசினியிலும் கிணற்றடியிலும் நீர்க் கிண்ணம் வைத்தோம். நிறைய நீர் உட்செல்லச் செல்லச் சிறுநீரின் செறிவு குறையும் என்பது இதன் தத்துவம். மீண்டும் வேலியோர மணலுக்கே அது திரும்பியது.

அது குணமடைந்த நாளில் நமக்கு வேறொரு பூனையின் நினைவு வந்தது. நாம் சிறுவராயிருந்த காலத்தில் வீட்டில் ஒரு செம்மஞ்சட் பெட்டை இருந்தது. அதுவும் ஒரு நாள் பாயை நனைக்கத் தொடங்கியது. யாரும் அதனை விசாரிக்கவில்லை. ஒரு மாலை அது சாக்கிற் போனது. சைக்கிளின் பின்னாலே கேட்ட அந்தக் குரல் ஒழுங்கையின் முடக்கு வரை கேட்டது. அதற்கு என்ன நோய் இருந்தது என்று இனி எவராலும் சொல்ல முடியாது.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பூனை வீட்டை நனைத்தாற் கோபம் வருவது இயல்பே. அந்தக் கோபத்தோடு சாக்கைத் தேடுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அது நின்று பீச்சுகின்றதா, குந்திக் கழிக்கின்றதா? வழக்கம்போல் உண்டு, வழக்கம்போற் கழிக்கின்றதா? வீட்டில் அண்மையில் என்ன மாறியது? விடை தெரியாவிடின் அருகிலுள்ள மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். கடுவனாயிருந்து, குந்தியும் ஒன்றும் வராதிருந்தால், அன்றைக்கே கொண்டு செல்லுங்கள்.